சின்ன வி, பெரிய வி

டவுன்லோட் முப்பத்தொன்பது சதவீதத்தில் நிற்கிறது. கால்மணி நேரமாக அதே முப்பத்தொன்பதுதான். மீட்டர் சுற்றாமல் நின்றுபோன வீட்டில் நிற்பதைப் போல இருக்கிறது எனக்கு, லைட் எரிகிறது, விசிறி ஓடுகிறது, எண் மட்டும் நகரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் திருவாரூரில் வீடு வீடாக மின்சார ரீடிங் எடுத்தவன் நான், நிற்கிற எண்ணைப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். சனிக்கிழமை காலை பத்தே முக்கால். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், அதன் வயர், என் கண்ணாடிக்கூடு, பாதி குடித்த காபி. பக்கத்து நாற்காலியில் குமுதவல்லி. குளிப்பாட்டித் தலைசீவி, அவளுக்குப் பிடித்த பச்சைப் புடவையைச் சுமாராகச் சுற்றிவிட்டு உட்காரவைத்திருக்கிறேன், கொசுவம் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை, மேஜைமேல் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பைப் பார்த்துக்கொண்டு அதில் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருக்கிறாள். டக் டக் டக். நான் கையை வைத்து அவள் கையை அமுக்குகிறேன். நிற்கிறது. கையை எடுத்தால் மறுபடியும் டக் டக். இப்படி விரல் ஆடுவதும் மறதி நோயோடு சேர்ந்ததுதான் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருக்கிறார், சொன்னால் என்ன, எனக்கு எரிச்சலாக இருக்கிறது, எரிச்சல் வருகிறதே என்று அதற்கு மேலும் எரிச்சல். நாற்பது சதவீதம். நகர்ந்துவிட்டது. பரவாயில்லை.

வம்பை விலைக்கு வாங்கியவன் நானேதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. வியாழக்கிழமை இதைத் திறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து டிரைவர் பழையதாகிவிட்டது, புதுப்பிக்கலாமா என்று கேட்டது. எந்த டிரைவர்? அம்பு நகர்த்துகிற அந்தச் சதுரத்துக்கு ஒரு டிரைவர் உண்டாம். பழையதானால் என்ன, நானும்தான் பழையவன், அறுபத்தேழு ஆகிறது, என்னை யார் புதுப்பிக்கிறார்கள். வேண்டாம் என்று அழுத்தியிருக்கலாம். வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் அடுத்த நிமிஷமே அந்த ஃபைலைத் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் சரி என்று அழுத்தினேன். இதை அருள்செல்வியிடம் சொல்லவில்லை. தானாகக் கெட்டுப்போச்சு என்றுதான் மகளிடம் சொன்னேன். அப்டேட் முடிந்து திறந்தால் அம்பே இல்லை, திரை நடுங்கியது, பிறகு நீலமாகி அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. வெள்ளி முழுக்க இதே கூத்து. நாசிக்கிலிருந்து அவள் போனில் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். ரெகவரி என்று ஒன்று வந்தது. அதில் இரண்டு வழி. ஒன்று, உங்கள் ஃபைல்களை வைத்துக்கொள். இன்னொன்று, எல்லாவற்றையும் நீக்கு. "முதல்ல இருக்கறதுப்பா, மாத்தி அழுத்திடாதீங்க." அது எனக்குத் தெரியாதா? பதினோரு தடவை படித்துவிட்டு முதலாவதையே அழுத்தினேன். ஃபைல்களை வைத்துக்கொண்டது. ஆனால் அவற்றைத் திறக்கிற சாமான்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டது. எல்லாம் அப்படியே இருக்கிறதாம், திறக்கத்தான் வழியில்லையாம். இதையேதான் தஞ்சாவூரிலும் குமுதாவின் மூளையைப் படம் போட்டுக் காட்டிச் சொன்னார்கள். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். திறக்கிற சாமான்தான் இப்போது மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஐம்பத்திரண்டு.

ஃபைலின் பெயர் 'அவருக்கு'. ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறாள் குமுதா, பெயரெல்லாம் அப்படித்தான் வைக்க வேண்டும் என்பாள். அவருக்கு என்றால் எனக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால், தஞ்சாவூரிலிருந்து அந்த ஸ்கேன் கவரோடு திரும்பி வந்த மறுநாளும் அதற்கு மறுநாளும், இரண்டு மத்தியானம், இதே மேஜையில் உட்கார்ந்து அடித்தாள். தெற்கு வீதியில் வக்கீல் கோதண்டபாணி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் தமிழ் டைப்பிஸ்ட், முதலில் மெஷின், பிறகு கம்ப்யூட்டர். மனு, வாய்தா, உயில், பாகப்பிரிவினை, ஊர்க் குடும்பங்களின் சண்டையெல்லாம் இவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. அவள் அடிக்கும்போது நான் எட்டிப் பார்த்தேன், மூடிவிட்டாள். "நான் உங்களப் பாத்து யாருன்னு கேக்கற அன்னிக்குத் திறங்க. அதுக்கு முன்னாடி திறந்தா எனக்குத் தெரிஞ்சிடும்." பேப்பரில் எடுத்துக் கொடேன் என்றேன். "பேப்பர்னா ராத்திரிக்குள்ள படிச்சிடுவீங்க, ஒங்களப் பத்தித் தெரியாதா." சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எங்களுக்குச் சிரிக்க முடிந்தது என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

போன திங்கட்கிழமை கேட்டுவிட்டாள். இட்லித் தட்டோடு வந்து நிற்கிறேன், தலையைத் தூக்கிப் பார்த்தாள், முகத்தில் ஒரு நல்ல மரியாதை. "யாரப் பாக்கணும் சார்?" தட்டோடு அப்படியே நின்றேன். "வக்கீல் சார் கோர்ட்டுக்குப் போயிருக்காரு. உக்காருங்க, வந்துடுவாரு." உட்கார்ந்தேன். அரைமணி நேரம் என் வீட்டில் என் நாற்காலியில் கட்சிக்காரனாக உட்கார்ந்திருந்தேன், மடியில் இட்லித் தட்டு. அவள் நடுநடுவே என்னைப் பார்த்து, வந்துடுவாரு, வந்துடுவாரு என்றாள். அன்றைக்கே ஃபைலைத் திறந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கேட்டிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். புதன்கிழமையும் சார் என்றாள். ஒரு தடவை கேட்டால் கணக்கா, இரண்டு தடவை கேட்டால் கணக்கா என்று எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தேன். பயம், வேறென்ன. அதற்குள் என்ன இருக்கிறது என்ற பயம் பாதி. மீதிப் பாதி வேறு. திறந்து படித்து முடித்துவிட்டால் அவள் எனக்குச் சொல்ல வேண்டியது அத்தனையும் தீர்ந்துபோய்விடும், அதற்கப்புறம் சொல்ல அவளிடம் எதுவும் இருக்காது. திறக்காதவரை ஏதோ பாக்கி இருக்கிறது. எட்டு மாதமாக அவள் வாயில் என்னங்க வரவில்லை. என்னைக் கூப்பிடுவதே இல்லை. தாகம் எடுத்தால் டம்ளரைத் தட்டுவாள். முப்பத்தாறு வருஷம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்னங்க. என்னங்க கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, என்னங்க செருப்பக் கழட்டிட்டு வாங்க, என்னங்க இங்க கொஞ்சம் வாங்களேன். பாதி நேரம் காதில் வாங்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன்தான் நான். எழுபது. எழுபத்தொன்று.

டக் டக் டக். கையைப் பிடித்தேன். மெல்லிய கை, நரம்பு தெரிகிறது. பிடித்தபடியே இன்றைய கேள்வியைக் கேட்டேன், தினம் காலையில் கேட்பதுதான். குமுதா, இன்னிக்கு என்ன கிழமை? அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். நம்ம பொண்ணு பேரு என்ன? பார்வை காபி டம்ளருக்குப் போயிற்று. நான் யாரு? அவள் முகம் சுருங்கிவிட்டது, பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூன்றுக்கு சைபர். நோட்டில் தேதி போட்டுக் குறித்தேன். எட்டு மாதத்துக்கு நோட்டு வைத்திருக்கிறேன், முதலில் மூன்றுக்கு இரண்டு, பிறகு ஒன்று, ஆவணிக்குப் பிறகு வரிசையாக சைபர். டாக்டர் கேட்டால் காட்டலாம். டாக்டர் ஒரு தடவையும் கேட்டதில்லை. கண்ணில் நீர் கட்டியிருக்கிறதே அவளுக்கு. தினமும் கேட்டு முடித்ததும் இப்படித்தான் கட்டுகிறது, புரை வளர்கிறதோ என்னவோ, கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நூறு. இறங்கிவிட்டது. ஏதேதோ சம்மதம் கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி. மஞ்சள் உறை மாதிரி ஒரு படம், அதற்குள் 'அவருக்கு'. இருக்கிறது. பிள்ளையார்சுழி போடுகிறவன் மாதிரி ஒரு விநாடி கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு தட்டு தட்டினேன். திறந்தது. திறந்ததும் முதலில் சந்தோஷம்தான், திரை முழுக்க எழுத்து, மூன்று பக்கம் என்று கீழே காட்டுகிறது. அப்புறம்தான் பார்த்தேன். தமிழே இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலமும் இல்லை. சின்ன வி, டி, ஒரு அரைப்புள்ளி, மறுபடி டி, க்யூ, அரைப்புள்ளி, எஃப். இது ஒரு வார்த்தையா? அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். எங்கே பார்த்தாலும் அரைப்புள்ளி, பொரி இறைத்த மாதிரி. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பாக நெளிநெளிக் கோடு, இது தப்பு, இது தப்பு, இது தப்பு என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மூடித் திறந்தேன். லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். அதேதான். அருள்செல்வியைக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருக்கிறாளாம், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். முதல் வரியைப் படித்துக் காட்டினேன், வி, டி, அரைப்புள்ளி. "என்னப்பா சொல்றீங்க, புரியல." மறுபடி படித்தேன். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்பா. சில சமயம் ரெகவரில அப்படி ஆகும். எதையும் தொடாதீங்க, சாயந்திரம் பாக்கலாம்." பிறகு, "அது அம்மா அடிச்சதா?" ஆமாம் என்றேன். "அப்பா," என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். வைத்துவிட்டேன்.

தொடாதே என்றால் தொடாமல் இருக்க முடிகிறதா? உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத்தான் தோன்றுகிறது. அம்பைக் கொண்டுபோய் முதல் வரியில் வைத்தேன், அது வி, டி என்ற இரண்டு எழுத்துக்கு அடுத்துப் போய் நின்றது. இடம் விடுகிற அந்த நீளப் பட்டையை ஒரு தரம் அழுத்தினேன். அழுத்தியதும் என் கண்ணெதிரே, நான் தொடாத அந்தச் சின்ன வி, பெரிய வி ஆகிவிட்டது. தானாக. உள்ளே இருந்து யாரோ திருத்தியதுபோல. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். இன்னும் கெடுகிறது. பார்க்கப் பார்க்கக் கெடுகிறது. மூன்று நாள் முன்னால் திறந்திருந்தால் படித்திருப்பேன். செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை. வியாழக்கிழமைகூட, அந்தப் பெட்டிக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால். மூன்று வருஷம் பூட்டிக் காப்பாற்றியதை மூன்று நாளில் தொலைத்தேன், அதுவும் பயந்தாங்கொள்ளித்தனத்தால். இதை யாரிடம் சொல்லி அழுவது? சொல்ல வேண்டிய ஆள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள், போன திங்கள் வரைக்கும் சொல்லியிருக்கலாம். அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பிளாஸ்டிக் விரிப்பில் சாம்பார் வாசனை. காதுக்குப் பக்கத்தில் டக் டக் டக். இந்தத் தடவை நான் கையைப் பிடிக்கவில்லை, பிடிக்கத் தெம்பில்லை. தட்டட்டும். கல்யாணமான புதிதில் நாகப்பட்டினம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் என் முழங்கையில் இப்படித்தான் தட்டிக்கொண்டு வருவாள், யோசனை வந்தால் விரல் தானாக அடிக்கும் அவளுக்கு. சும்மா வாயேன் என்று கையைத் தட்டிவிடுவேன். என்ன அடிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஏன," என்றாள் குமுதவல்லி. முனகுகிறாள், எப்போதும் முனகுவதுதான். "ஏன. எடம் விட்டிருக்கு. புள்ளி தனியாக் கெடக்கு." டக் டக். "புள்ளி எப்புடி சார் தனியா நிக்கும்?" தலையைத் தூக்கினேன். அவள் விரிப்பைப் பார்க்கவில்லை. திரைக்கு நேராகக் குனிந்து, கழுத்தில் தொங்குகிற கண்ணாடியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், மாதக்கணக்கில் நான்தான் மாட்டிவிடுகிறேன் அதை. விரல் மேஜைமேல் நகர்ந்துகொண்டிருக்கிறது, கண் திரையில் நகர்கிறது, இரண்டும் ஒரே வேகத்தில். "இது யார் சார் அடிச்சது? ஆரம்பத்துலயே தப்பு. பெரிய வி விழுந்திருக்கு. பெரிய வி போட்டா ஏ வரும். சின்ன வி போடணும், அப்பதான் எ." அலுவலகத்துக் குரல். நான் மதிய சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது கட்சிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பாளே, அந்தக் குரல். இவள் அடித்த தமிழை வேறு கடையில் திறந்தால் கன்னாபின்னாவென்று வருகிறது என்று ஆட்கள் ஓடி வருவார்கள், ஃபான்ட் என்கிற தமிழ் எழுத்து ஏற்றாத மெஷின் அது, நான் படிக்கிறேன் எழுதிக்கோங்க என்று அந்தக் கன்னாபின்னாவையே பார்த்து மடமடவென்று சொல்லுவாளாம். வக்கீல் பெருமையாகச் சொல்லுவார். நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவன். எழுத்து ஏற்றாத மெஷின். ரெகவரி தூக்கிப் போட்டதில் இவள் தமிழ் எழுத்தும் போயிருக்கிறது, ஃபைல் கெடவில்லை. ஒன்றுமே கெடவில்லை. அரைப்புள்ளியெல்லாம் தமிழ்ப் புள்ளிதான், க் என்பதற்கும் ம் என்பதற்கும் தலைமேல் வைக்கிற புள்ளி. கையை மெதுவாக லேப்டாப் பக்கம் நகர்த்தி, இயந்திரத்தை அவள் முன்னால் தள்ளினேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு பொத்தானை அழுத்தினாள், இடைவெளி மூடிக்கொண்டது. இன்னொன்று, பெரிய வி போயிற்று. சின்ன வி வந்தது. திரையைப் பார்த்து, சரிபார்க்கிறவளாக, தெளிவாகப் படித்தாள்.

"என்னங்க."

"ம்," என்றேன். யோசிக்கிறதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மனுவைப் படித்துக் காட்டுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், விரலால் தட்டிக்கொண்டே படித்துக்கொண்டு போனாள். "என்னங்க. நான் உங்களை யாரென்று கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதற்கு முன்னாலேயே இதைத் திறந்திருந்தால் நீங்கள் பொய்யர், உங்களிடம் பேச்சில்லை. கேட்டதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம், வேண்டுமென்று கேட்டிருக்க மாட்டேன். முதல் விஷயம், தினமும் என்னிடம் ரீடிங் எடுக்காதீர்கள். என்ன கிழமை, என்ன பேர் என்று கேட்டு நோட்டுப் போட்டு எழுதுவீர்கள், உங்கள் புத்தி எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த நோட்டைத் தூக்கிப் போடுங்கள்." நோட்டு என் முழங்கைக்கடியில் இருக்கிறது. கண்ணில் புரை ஒன்றும் வளரவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு நாள் காலையிலும் நான்தான் அவளை அழவைத்திருக்கிறேன், பிறகு தேதி போட்டுக் குறித்திருக்கிறேன். அவள் நிற்காமல் படிக்கிறாள். "இரண்டாவது, நான் உங்களை யாராக நினைத்துப் பேசுகிறேனோ அந்த ஆளாகவே இருந்துவிடுங்கள். நான்தான் உன் புருஷன் என்று நிரூபிக்க வேண்டாம். முப்பத்து மூன்று வருஷம் புருஷனாக இருந்தாயிற்று, மிச்ச நாளைக்கு வேறு யாராகவோ இருந்தால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மூன்றாவது, என் கையைப் பிடித்து அடக்காதீர்கள். பஸ்ஸில் உங்கள் முழங்கையில் நான் அடித்தது என்னவென்று நீங்கள் கேட்டதே இல்லை. பெரும்பாலும் திட்டுதான். மற்ற நேரத்தில் உங்கள் பேர்." இந்த இடத்தில் அவள் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். என் பேர் தர்மலிங்கம். அவள் வாயால் அதை ஒரு தடவையும் சொன்னவள் இல்லை, ரேஷன் கார்டுக்குக்கூட எழுதித்தான் காட்டுவாள்.

மூன்று பக்கமும் படித்தாள். எந்த மாத்திரைக்கு வயிறு எரியும், எந்தப் புடவைக்கு எந்த ரவிக்கை, அருள்செல்வி வந்து அழுதால் என்ன சொல்ல வேண்டும், இவ்வளவுதான், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. படித்து முடித்து நிமிர்ந்தாள். முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது. "வேற திருத்தம் ஒண்ணும் இல்ல சார். அந்த ஒரு எழுத்துதான். இந்தம்மா வெவரமா எழுதியிருக்காங்க." இல்லை குமுதா, நீ எழுதியது, இது நான், உன்னுடைய என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இரண்டாவது விஷயம் ஞாபகம் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "உங்க வீட்டுக்காரங்களா சார்?" என்றாள். ஆமாம்மா என்றேன். "எங்க இருக்காங்க?" இங்கதான் பக்கத்துல என்றேன். தலையாட்டினாள். பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், திங்கட்கிழமை பார்த்த அதே மரியாதையான பார்வை. நோட்டை எடுத்து மேஜைக்கு அடியில் கீழே போட்டேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தெற்கு வீதி அலுவலகத்துக்கு வந்த எவனும் பேசுகிற பவ்வியத்தோடு கேட்டேன்.

"அம்மா, சிரமம் இல்லன்னா மொதல்லேருந்து ஒரு தடவ படிக்கிறீங்களா?"

"அதுக்கென்ன சார்," என்றாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். விரல்கள் விரிப்பில் இறங்கின.

"என்னங்க."

"ம்," என்றேன்.